வீட்டை விற்கும் முன் வாசலைக் கவனியுங்கள்

வீடு பார்க்க வருகிறவர் நேராக வந்து காலிங் பெல்லை அழுத்துவதில்லை. வண்டியை எதிர்ச்சாரியில் நிறுத்துவார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே சாக்கடை மூடி வரைக்கும் ஒரு பார்வை பார்ப்பார். கூட வந்த மனைவி தெருவின் இரண்டு முனைகளையும் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கேட்டுக்கு வருவார்கள். உள்ளே நீங்கள் கூடத்தைப் பெருக்கி, சோபா உறையை மாற்றி, காபிக்குப் பால் காய்ச்சி வைத்திருப்பீர்கள். ஆனால் தெருவில் நின்ற அந்த ஒரு நிமிடத்திலேயே அவர்கள் மனத்தில் ஒரு விலை விழுந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

நான் மனத்தில் வைத்துப் பேசுவது தாம்பரம், ஆவடி, அம்பத்தூர் போன்ற சென்னைப் புறநகரில் அரை கிரவுண்டிலோ ஒரு கிரவுண்டிலோ இருபது, இருபத்தைந்து வருடம் முன்பு கட்டிய தனி வீட்டை. முன்னால் ஒரு போர்ட்டிகோ, காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட், ஓரமாக ஒரு தென்னையோ வேம்போ. மதுரையிலும் திருச்சியிலும் இருக்கும் வீடுகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

பெயிண்டரைக் கூப்பிடும் முன் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டை வாங்கப்போவது குடியிருக்க வருகிறவரா, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வருகிறவரா? உங்கள் தெருவில் பழைய வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து நான்கு மாடியாக எழுந்துகொண்டிருந்தால், உங்களிடம் வருகிறவரும் பெரும்பாலும் பில்டராகத்தான் இருப்பார். அவர் வீட்டைப் பார்க்க மாட்டார், மனையைப் பார்ப்பார். முகப்பு எத்தனை அடி, தெரு எத்தனை அடி, பத்திரத்தில் இருக்கும் அளவு தரையில் இருக்கிறதா என்பதுதான் அவருடைய கணக்கு. அவருக்காகப் புதுப் பெயிண்ட் அடிப்பது தண்டச் செலவு. புதரை வெட்டி நான்கு மூலைகளையும் வெளிக்கொண்டு வாருங்கள். சர்வேயரை வைத்து அளந்து, எல்லைக்கல் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் மனைக்குள் அரை அடி வந்திருந்தால் அதை இப்போதே பேசித் தீர்த்துவிடுங்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் முன்புறத்தில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம்.

குடியிருக்க வருகிறவர் விஷயம் வேறு. அவர் வாழ்நாள் சேமிப்பையும் இருபது வருடக் கடனையும் போட்டு வாங்குவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொருள். சுவருக்குள் ஓடும் குழாய், தளத்துக்குள் இருக்கும் கம்பி, தரைக்கடியில் இருக்கும் செப்டிக் டேங்க், பழைய வயரிங், இவற்றின் நிலை உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கி எழுதினார். விற்கிறவருக்குத் தெரிந்த குறை வாங்குகிறவருக்குத் தெரியாத இடத்தில், வாங்குகிறவர் எல்லாக் காருமே கோளாறாக இருக்கலாம் என்று எண்ணித்தான் விலை சொல்வார். அதனால் நல்ல கார் வைத்திருப்பவருக்கும் நியாயமான விலை கிடைக்காமல் போகிறது. 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இருவரோடும் சேர்ந்து அவர் நோபல் பரிசு பெற்றார். ஸ்பென்ஸின் பங்கு இதன் மறுபாதி: தெரியாததைப் பற்றி நம்பிக்கை தர, தெரிகிற அடையாளம் ஒன்று வேண்டும்.

வீட்டுக்கு அந்த அடையாளம் முன்புறம். துருப்பிடித்த கேட்டைப் பார்த்தவர், ‘தினம் கை படுகிற கேட்டையே கவனிக்கவில்லை, தண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவியிருப்பார்கள்?’ என்று நினைக்கிறார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். விலை சொல்லும்போது அது வெளிவரும்.

அவர் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் வரி 7 சதவீதம். பதிவுக் கட்டணம் முன்பு 4 சதவீதமாக இருந்து, 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பை ஏற்றியபோது 2 சதவீதமாகக் குறைந்தது. ஆக 9 சதவீதம். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு 5,40,000 ரூபாய் உங்கள் கைக்கு வராமல் அரசுக்குப் போகிறது. இதைக் கட்டிய பிறகு குடிபோகும் முன் அவர் கையில் ரொக்கம் அதிகம் இருக்காது. ஆகவே, ‘வந்ததும் பெயிண்ட் அடிக்கணும், கேட் மாத்தணும், முன்னாடி தரை போடணும்’ என்று அவர் அடுக்குவது வெறும் பேரத் தந்திரம் இல்லை. நிஜமாகவே அந்தப் பணம் அவரிடம் இல்லை. நாற்பதாயிரத்தில் முடிகிற வேலைக்கு அவர் இரண்டு லட்சம் குறைத்துக் கேட்பார். அந்த இடைவெளிதான் நீங்கள் சம்பாதிக்கப்போவது. எதிர்பார்க்கும் விலையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் முன்புறத்தில் போடக் கூடாது என்பது என் கருத்து. அதற்கு மேல் போகிற பணம் திரும்பி வராது.

இனி வேலைக்கு வருவோம். செலவில்லாத வேலை முதலில். போர்ட்டிகோவில் ஓடாத ஸ்கூட்டர், விரிசல் விட்ட பிளாஸ்டிக் தொட்டி, கட்டும்போது மிஞ்சிய செங்கல், கல்லாய் இறுகிப்போன சிமென்ட் மூட்டை, செத்த செடியோடு பத்துத் தொட்டிகள், வாசற்படியில் குடும்பம் முழுவதன் செருப்புகள். நீங்கள் தினமும் பார்ப்பதால் உங்கள் கண்ணில் படாது. எதிர்ச்சாரியில் நின்று ஃபோனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், எல்லாம் தெரியும். பழைய இரும்புக் கடைக்காரருக்குப் போட வேண்டியதைப் போடுங்கள். மிச்சமிருக்கும் தரை டைல்ஸை மட்டும் எறியாதீர்கள். அதே ரகம் இன்று கடையில் கிடைக்காது, வாங்குகிறவருக்கு அது தேவைப்படும். பின்பக்கம் அடுக்கி வையுங்கள்.

பிறகு தலையைத் தூக்கி சன்ஷேடையும் கைப்பிடிச் சுவரையும் பாருங்கள். அரசங்கன்றோ ஆலங்கன்றோ விரிசலில் முளைத்திருக்கிறதா? பறவை எச்சத்தில் விழுந்த விதை அது. வாங்க வருகிறவர்களில் ஒரு பெரியவர் இருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார், அவர் பார்ப்பது சரிதான். இலையைக் கிள்ளி எறிந்தால் மறு மழைக்கு இரண்டாகத் துளிர்க்கும், வேர் உள்ளே தடித்துக்கொண்டே போய் விரிசலை அகலமாக்கும். கொத்தனாரை வைத்து அந்த இடத்தில் பூச்சைக் கொத்தி, வேரை முழுவதும் எடுத்து, விரிசலை அடைத்துப் பூச வேண்டும். அரை நாள் வேலை. பத்து வருடக் கவனிப்பின்மையை அந்தச் சின்னக் கன்று ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்தது காம்பவுண்டுச் சுவர். இதில்தான் மிகப் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சுவரின் அடியில் இரண்டடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து, வெள்ளைப் பொடி உதிர்கிறதல்லவா, அது உப்பு. மண்ணில் இருக்கும் ஈரத்தை செங்கலின் நுண்துளைகள் மேலே இழுக்கின்றன. ஈரத்தோடு கரைந்த உப்பும் ஏறுகிறது. சுவரின் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் காற்றில் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் அங்கேயே படிகமாக நின்று, பெயிண்டையும் பூச்சையும் வெளியே தள்ளும். உவர்நீரில் கட்டிய சுவர் என்றால் உப்பு முதலிலிருந்தே உள்ளே இருக்கிறது.

இதன் மேல் பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? ஒரு மாதம் அழகாக இருக்கும். ஈரம் உள்ளேயே அடைபட்டு, பிறகு கொப்புளமாகக் கிளம்பும். வீடு விற்க மூன்று மாதம் ஆனால், நீங்கள் காட்டுவது புதுப் பெயிண்ட் உரியும் சுவரை. பழைய பெயிண்ட் உரிவதைவிட அது மோசம். பழையது உரிந்தால் வயசாகிவிட்டது என்பார்கள். புதியது உரிந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்பார்கள்.

முறையான வழி இதுதான். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். சுவரை ஒட்டி மண் குவித்துச் செடி வைத்திருப்பீர்கள், அல்லது தோய்க்கிற கல்லின் தண்ணீர் அங்கே தேங்கும், அல்லது வெளியே சாக்கடை ஒழுகும். மண்ணைச் சுவரிலிருந்து விலக்கி மட்டத்தைத் தாழ்த்துங்கள், தண்ணீரைத் திருப்புங்கள். உதிரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அகற்றுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு சுவரை விரலால் தட்டிப் பாருங்கள். கெட்டியாகக் கேட்டால் பூச்சு நன்றாக இருக்கிறது. உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் கேட்டால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சுக்கு ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும், அதன்பின் ஏறத்தாழ நான்கு வாரம் காய விட வேண்டும். அப்புறம்தான் ப்ரைமர், அப்புறம் இரண்டு கை எமல்ஷன். ஆகமொத்தம் ஒன்றரை மாதம். பெயிண்டர் ‘நாலு நாள்ல முடிச்சுத் தர்றேன் சார்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவ்வளவு காலம் இல்லையென்றால் அந்தப் பகுதியைச் சுரண்டி, சுத்தமாக, பெயிண்ட் இல்லாமலே விட்டுவிடுங்கள். ‘இங்கே ஓதம் இருந்தது, மண்ணை விலக்கிக் காயவிட்டிருக்கிறேன்’ என்று வருகிறவரிடம் சொல்லுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதில் சட்டமும் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு விற்பவரின் கடமைகளைச் சொல்கிறது. சொத்தில் உங்களுக்குத் தெரிந்த முக்கியமான குறை, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை நீங்களே சொல்லியாக வேண்டும். சும்மா ஓதத்துக்கே இது என்றால், சுவரில் கோணலாக ஓடும் பெரிய விரிசலைப் பட்டி வைத்து மறைப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று யோசியுங்கள். மயிரிழை விரிசலை அடைக்கலாம். விரல் நுனி நுழைகிற விரிசலுக்கு ஒரு கட்டடப் பொறியாளரைக் காட்டி, அவர் எழுதித் தருவதை வாங்கி வையுங்கள். அந்தத் தாள் பெயிண்டைவிட நன்றாக விலை பேசும்.

கேட் சுலபம். கீல் ஆடுகிறதா, கேட் தொங்கித் தரையில் உரசுகிறதா என்று பாருங்கள். வருகிறவர் உங்கள் வீட்டில் முதலில் தொடும் பொருள் அது, ஒரு கையால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்க வேண்டும். அடிப்பட்டை தண்ணீர் பட்டுப் பட்டே இற்றுப்போயிருக்கும். வெல்டரை அழைத்து அந்தப் பட்டையை மட்டும் மாற்றினால் போதும், கேட்டையே மாற்ற வேண்டாம். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் துருவைத் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு இரண்டு கை எனாமல். ஒவ்வொரு கைக்கும் ஒரு ராத்திரி காய விடுங்கள். துருவின் மேலேயே எனாமல் அடித்தால் ஒரு மழைக்குத்தான் தாங்கும். கறுப்போ அடர்ந்த பழுப்போ நல்லது. கேட்டின் பூவேலைக்குத் தங்க நிறம் தீட்டும் ஆசையை விட்டுவிடுங்கள்.

நிறம் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்: உங்களுக்குப் பிடித்த நிறத்தை அடிக்கும் காலம் முடிந்துவிட்டது. பச்சைக்கிளிப் பச்சையும் நீலமும் உங்கள் வீட்டுக்கு இருபது வருடம் அடையாளமாக இருந்திருக்கலாம். வாங்குகிறவர் அங்கே தன்னை வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு வெளிர் சந்தனம், மங்கிய வெள்ளை போன்ற நிறங்களே இடம் கொடுக்கும். வீடு முழுவதும் அடிக்க வசதி இல்லையென்றால் தெருவைப் பார்த்த முகத்தையும் காம்பவுண்டின் வெளிப்பக்கத்தையும் மட்டும் அடியுங்கள். லிட்டருக்கு இரண்டு கையாக ஐம்பது, அறுபது சதுர அடி வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பெயிண்ட் கடையில் ஏமாற மாட்டீர்கள். பாசி பிடித்துக் கறுத்த இடத்தை முதலில் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். பாசியின் மேல் அடித்த பெயிண்டிலும் பாசி வரும்.

தரைக்கு வருவோம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வீடு பார்க்க வருகிற யாரும் கேட்காமல் விடாத கேள்வி, ‘மழைக்குத் தண்ணி நிக்குமா?’ 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. உங்கள் பதிலைவிட உங்கள் வாசலைத்தான் அவர்கள் நம்புவார்கள். இருபது வருடத்தில் தெருவில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும், படியேறிப் போன வீடு இன்று படியிறங்கிப் போகிற வீடாகியிருக்கும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு 2021இல் அறிவுறுத்தினார். அதற்கு முன்பே தாழ்ந்துவிட்ட வீடுகள் எத்தனையோ. உங்கள் வீடும் அப்படி என்றால், ஒரு வாளித் தண்ணீரைக் கேட்டருகில் ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். வாசற்படியை நோக்கி வந்தால் கொத்தனாரிடம் சொல்லி வாட்டம் மாற்றுங்கள். கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு சிறு கால்வாய் எடுத்து, இரும்புக் கம்பி மூடி போட்டு, தண்ணீரை மழைநீர்க் குழிக்குத் திருப்பலாம். முன்புறத்தில் நீங்கள் செய்யும் எல்லா வேலையிலும் உண்மையான மதிப்பைக் கூட்டுவது இது ஒன்றுதான் என்பேன். மற்றவை இருக்கும் மதிப்பைக் காட்டுகின்றன.

முன்புறத்தை அழகாக்குகிறேன் என்று மண் தெரியாமல் முழுவதும் சிமென்ட் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம். 2003இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய பிறகு பலர் குழி எடுத்தார்கள். பிறகு அதன்மேல் டைல்ஸ் போட்டு மூடி, எங்கே என்றே மறந்தார்கள். உங்கள் குழியைத் தேடித் திறவுங்கள். கூழாங்கல்லை எடுத்துக் கழுவி, சேற்றை அள்ளி, மறுபடி நிரப்பி, மூடியைச் சுத்தமாக வையுங்கள். வருகிறவரிடம் திறந்து காட்டுங்கள். வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் கடப்பாக் கல்லோ பேவர் பிளாக்கோ போட்டு, மரத்தைச் சுற்றியும் சுவரோரமும் மண்ணை விடுங்கள். மண் வாசலில் கோலம் நிற்பதுபோல் டைல்ஸில் நிற்காது என்பது என் சொந்தப் பிடிவாதம், அதற்காகவும் கொஞ்சம் மண் இருக்கட்டும்.

கேட்டுக்கு வெளியே வண்டி ஏற்றச் சாய்தளம் போட்டிருப்பீர்கள். அது தெருவுக்குள் நான்கடி நீண்டிருந்தால், மாநகராட்சிக்காரர்கள் வடிகால் வேலைக்கு வரும்போது இடிக்கத்தான் போகிறார்கள். முன்கூட்டியே குறைத்துவிடுங்கள். போர்ட்டிகோவுக்கு முன்னால் செட்பேக் இடத்தில் கூரை போட்டுக் கடையோ, ஷெட்டோ வைத்திருந்தால் அதுவும் பிரச்சினைதான். வாங்குகிறவர் வங்கிக் கடனில் வாங்குவார். வங்கி அனுப்பும் பொறியாளர் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்ப்பார், அதில் இல்லாத கூரை அறிக்கையில் ஏறும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் உடைக்காமல் போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்கச் சொல்லுங்கள். உடையும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

செடிகளில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. புல்தரை வேண்டவே வேண்டாம். லாரித் தண்ணீர் வாங்கும் ஊரில் புல்லைப் பார்த்தால் வருகிறவருக்குத் தண்ணீர்ச் செலவுதான் நினைவுக்கு வரும். நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி, ஒரு துளசி மாடம் போதும். நம் வெயிலைத் தாங்கும், பூஜைக்கும் பூ தரும். நர்சரியில் வளர்ந்த செடியாகவே வாங்கி, ஒரு மாதம் முன்பே வைத்துவிட்டால் வேர்பிடித்து இயல்பாக இருக்கும். நேற்று வாங்கியது என்று பார்த்தவுடன் தெரியக் கூடாது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு அதில் முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும். வாசலில் முருங்கை இருந்தால் கிளையைக் கழித்து வையுங்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பியிருக்கும் மரத்தின் கீழே யாரும் நின்று விலை பேச மாட்டார்கள். தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் இறக்கிவிடுங்கள், கீழேதான் அவர்கள் காரை நிறுத்துவார்கள். வேம்பை வெட்டாதீர்கள். வெளிச்சத்தை மறைக்கும் தாழ்ந்த கிளைகளை மட்டும் கழியுங்கள். இருபது வருட நிழலை விலைக்கு வாங்க முடியாது, இது தெரிந்தவர்கள் அந்த மரத்துக்காகவே வீட்டை வாங்குவதும் உண்டு. கேட்டுக்கு வெளியே நிற்கும் தெருமரம் உங்களுடையது இல்லை, அதில் கை வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

எப்போது இந்த வேலைகளைச் செய்வது? நம் ஊரில் மார்கழியிலும் ஆடியிலும் பெரும்பாலோர் வீடு வாங்கப் பேச மாட்டார்கள். தையும் சித்திரையும் ஆவணியும்தான் பேச்சு சூடுபிடிக்கும் மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஊறியிருக்கும். மார்கழியில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும். சுரண்டுவது, கொத்துவது, பூசுவது, வாட்டம் சரிசெய்வது எல்லாம் மார்கழியில் முடியட்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தைச் சுவர் காய்வதற்காகக் கொஞ்சம் தள்ளி, தை பின்பாதியில் பெயிண்ட் அடித்தால் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் உங்கள் வீடு புதிதாக நிற்கும். ஆவணிக்கு விற்பதென்றால் ஆனியில் தொடங்குங்கள். சென்னையில் அப்போது சாயங்கால மழை வரும், அதனால் வெளிச்சுவர் வேலையைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும். தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் அது மழைக்காலம், அங்கே தையை நம்புவதே நல்லது.

படம் எடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான், ஏனென்றால் இன்று முதல் பார்வை ஃபோனில்தான் நடக்கிறது. கிழக்குப் பார்த்த வீட்டைக் காலையிலும் மேற்குப் பார்த்த வீட்டைப் பிற்பகலிலும் எடுங்கள். தெற்குப் பார்த்த வீட்டுக்கு மார்கழி, தை வெயில் நன்றாக விழும். வடக்குப் பார்த்த வீடு பாதி வருடத்துக்கு மேல் நிழலிலேயே இருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், அப்போது எடுத்த படத்தில் முகப்பு தெளிவாக இருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்காலம்தான் வீடு பார்க்க வருவார்கள், போர்ட்டிகோவுக்கும் கேட் தூணுக்கும் மஞ்சள் ஒளி தரும் நல்ல எல்.இ.டி. விளக்கு போடுங்கள். மீட்டர் பெட்டியின் கதவு, கதவு எண், தபால் பெட்டி மூன்றும் ஒழுங்காக இருக்கட்டும். தொங்கும் பழைய கேபிள் ஒயரை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். ‘விற்பனைக்கு’ என்று சுவரில் பெயிண்டால் எழுதாதீர்கள், பலகை மாட்டுங்கள். வெயிலில் வெளுத்துப்போன எழுத்தைப் பார்த்தால், எவ்வளவு காலமாக விற்காமல் கிடக்கிறதோ என்று தோன்றும்.

வாஸ்து பற்றிக் கேட்பீர்கள். வருகிறவர் தன் வாஸ்து நிபுணரை அழைத்துவரலாம், அது அவர் நம்பிக்கை, மதியுங்கள். ஆனால் முன்கூட்டியே நீங்கள் கேட்டை இடம் மாற்றுவதும் படியை இடிப்பதும் வேண்டாம். ஒரு நிபுணர் வைத்ததை இன்னொருவர் மாற்றச் சொல்வார். வாசலில் அழுகித் தொங்கும் பழைய திருஷ்டிப் பூசணியை இறக்கினாலே பெரிய உபகாரம்.

வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். வாசல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. விற்றால் காலி செய்ய வேண்டியவர்கள் அவர்கள். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, வருகிறவருக்குக் கதவு திறந்துவிடும்படி அவர்களை வெறுமனே கேட்பது நியாயம் இல்லை. எப்போது காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அட்வான்ஸைத் தாமதமில்லாமல் திருப்பிக் கொடுங்கள், ஒரு மாத வாடகையைத் தள்ளுபடி செய்யுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டை விற்கிறவர்கள், வாரம் இருமுறை பெருக்கித் தண்ணீர் ஊற்ற ஓர் அம்மாவுக்குச் சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்யுங்கள். சருகு குவிந்த வாசலைக் கண்டால், இவர்களுக்குப் பணமுடை போலிருக்கிறது என்று நினைத்துத்தான் விலை கேட்பார்கள்.

பத்திரம் முடிகிற நாளில் ஒரு தாளில் சில விஷயங்களை எழுதிச் சாவியோடு கொடுங்கள்: அடித்த பெயிண்டின் நிற எண், மழைநீர்க் குழியும் செப்டிக் டேங்க் மூடியும் இருக்கும் இடம், முன்புறத் தரைக்கடியில் எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது, சம்ப் கடைசியாகக் கழுவிய தேதி, தென்னை ஏற வருகிறவரின் ஃபோன் எண், மிச்ச டைல்ஸ் வைத்திருக்கும் இடம். இதற்கு அரைமணி நேரம்தான் ஆகும். புதிதாக வருகிறவர்கள் இதையெல்லாம் தாமாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் தரையைத் தோண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும்.